குத்தகை நிலத்தில் எந்தப் பயிர்?

குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் தோப்புகள் உள்ளன. மா, தென்னை, பலா மரங்களோடு சாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான், ரம்புட்டான் மரங்களும் இங்கே வளர்கின்றன. இவற்றில் கிராம்பும் சாதிக்காயும் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் குற்றாலத்துக்குக் கொண்டுவரப்பட்டவை. நட்டபின் ஏழெட்டு ஆண்டுகள் பொறுத்திருந்தால்தான் இவை பலன் தரும்.

இதே மலையிலிருந்து இறங்கும் ஐந்தருவியாறும் குண்டாறும் அனுமன் நதியும் சிற்றாற்றோடு சேர்ந்து தென்காசி வட்டார வயல்களுக்கு நீர் தருகின்றன. கால்வாயும் குளமும் உள்ள இடங்களில் காரும் பிசானமும் நெல் விளைகிறது. கிழக்கே பாவூர்சத்திரம், கீழப்பாவூர், ஆலங்குளம், சுரண்டை பக்கம் போனால் சின்ன வெங்காயம், தக்காளி, வெண்டை, கத்தரி. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் நாட்களில் அதைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்.

ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை வேறுபாடு ஏன் என்று வகுப்பில் கேட்டால், மாணவர்கள் மண், மழை, சரிவு, பாசனம் என்று சரியாகவே சொல்வார்கள். அடுத்த கேள்வியில்தான் சிக்கல் வருகிறது. ஒரே ஊரில், ஒரே மண்ணில், ஒரே வாய்க்கால் பாயும் இரண்டு வயல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றில் முப்பது வருடத் தென்னை நிற்கிறது. மற்றதில் போன தடவை தக்காளி, இந்தத் தடவை வெங்காயம். இது ஏன்? எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சட்டென்று சொன்னாள்: “அது அவங்க சொந்த வயல் டீச்சர். இது எங்க அப்பா பாட்டத்துக்குப் பாக்குறது. இதுல மரம் வைக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க.”

வேளாண்மையைத் தீர்மானிக்கும் காரணிகளைப் பட்டியலிடும்போது நில உடைமையையும் நாம் சேர்த்தே சொல்கிறோம். ஆனால் நில உடைமை எப்படிப் பயிரை மாற்றுகிறது என்பது பட்டியலில் வராது. அந்த மாணவிக்கு அது வீட்டுச் செய்தி. நிலத்தை எத்தனை காலத்துக்கு, எந்த வகையான குத்தகைக்கு, யார் பெயரிலுள்ள காகிதத்தை வைத்துக்கொண்டு ஒருவர் உழுகிறார் என்ற மூன்றும் சேர்ந்து அவருடைய பயிரைப் பெருமளவு முடிவு செய்கின்றன. இதை வகுப்பறைக்குக் கொண்டுவர உதவும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சில சொற்கள்

முதலில் நம் ஊர்களில் வழங்கும் சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்வோம். ஆண்டுக்கோ பூவுக்கோ இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, விளைந்தாலும் விளையாவிட்டாலும் அதைக் கொடுப்பது குத்தகை. தென்மாவட்டங்களில் இதைப் பாட்டம் என்றும் சொல்வார்கள். இது பணமாகவும் இருக்கலாம், இத்தனை கோட்டை நெல் என்றும் இருக்கலாம்.

விளைந்ததில் இத்தனை பங்கு நிலக்காரருக்கு, இத்தனை பங்கு பயிரிட்டவருக்கு என்று பிரிப்பது வாரம். நிலக்காரர் பங்கை மேல்வாரம் என்றும் உழுதவர் பங்கைக் குடிவாரம் என்றும் பழைய ஆவணங்களில் காணலாம்.

நிலக்காரருக்கு ஒரு தொகையைக் கடனாகக் கொடுத்து, அது திரும்பி வரும்வரை அவருடைய நிலத்தில் பயிர் செய்துகொள்வது ஒத்தி. மரமும் நிலமும் உரிமையாளரிடமே இருக்க, ஒரு பருவத்துக் காய்ப்பை மட்டும் விலை பேசிக் கொடுப்பது மகசூல் குத்தகை. மாந்தோப்புகளிலும் புளியந்தோப்புகளிலும் இதைப் பார்க்கலாம்.

நான்குமே ‘பிறர் நிலத்தில் பயன் எடுப்பது’தான். ஆனால் நான்கும் உழவரை நான்கு விதமாகச் சிந்திக்க வைக்கின்றன.

எத்தனை நாளைக்கு நிலம் கையில் இருக்கும்?

பயிர்களை அவை பலன் தரும் காலத்தின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். வெண்டை விதைத்த 45 நாள் அளவில் பறிப்புக்கு வந்துவிடும். சின்ன வெங்காயம் இரண்டு முதல் மூன்று மாதம். சூரியகாந்தி ஏறக்குறைய மூன்று மாதம். நெல் ரகத்தைப் பொறுத்து மூன்றரை முதல் நாலரை மாதம். வாழை ஏறக்குறைய ஓராண்டு. எலுமிச்சை மூன்று நான்கு ஆண்டுகள். நாட்டுத் தென்னை ஆறேழு ஆண்டுகள். மங்குஸ்தான் அதற்கும் மேல்.

ஓராண்டுக் குத்தகைக்காரர் இந்த வரிசையில் வாழையைத் தாண்ட முடியாது. வாழையிலும் மறுதாம்பு விட்டு எடுக்கும் லாபம் அவருக்கு உறுதியில்லை. ஒரு பூவுக்கு மட்டும் நிலம் எடுத்தவர் நெல்லோடு நின்றுவிடுவார். ஆக, ஐந்தருவிச் சாலைத் தோப்புகளுக்குப் பின்னால் வளமான மலையடிவார மண்ணும் இரு பருவ மழையும் இருப்பது போலவே, நீண்ட காலம் கைமாறாத உரிமையும் இருக்கிறது. மரப்பயிர் என்பது ஒரு வகையில் நிலத்தின்மீது உள்ள நம்பிக்கையின் அளவு.

பயிரை மட்டுமன்றி மண்ணையும் காலம் பாதிக்கிறது. தொழு உரம், பசுந்தாள் உரம், குளத்து வண்டல் ஆகியவற்றின் பலன் ஒரே பூவில் முடிந்துவிடுவதில்லை. அடுத்தடுத்த பயிருக்கும் தொடரும். யூரியாவின் பலன் பெரும்பாலும் போட்ட பயிரோடு முடிந்துவிடும். குத்தகைக்கு நெல் போடும் பெற்றோர் ஒருவரிடம் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாமே என்று கேட்டேன். அவர் சிரித்தார். “நாப்பத்தஞ்சு நாளு வயல சும்மா போடணும் டீச்சர். அடுத்த வருசம் இது எங்கையில இருக்குமா, வேற ஆளு கையில இருக்குமான்னு தெரியாது. யாருக்கு மடக்கி உழுறது?”

அவருக்கு இயற்கை உரத்தின் அருமை தெரியாமலில்லை. குத்தகையின் கணக்குதான் அவரைத் தடுக்கிறது. அந்தக் கணக்கை ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு வண்டி எருவின் கணக்கு

கீழே வரும் எண்கள் வகுப்புக்காக அமைத்துக்கொண்டவை. ஒருவர் 2,000 ரூபாய்க்கு எரு போடுகிறார் என்று கொள்வோம். அதனால் இந்த ஆண்டு 1,500 ரூபாய்க்கும் அடுத்த ஆண்டு 1,500 ரூபாய்க்கும் கூடுதலாக விளைகிறது. மொத்தக் கூடுதல் விளைச்சல் 3,000 ரூபாய். எருச் செலவு முழுவதும் பயிரிடுபவருடையது. இப்போது யாருக்கு என்ன மிஞ்சும்?

சொந்த நிலம் என்றால் இரண்டு ஆண்டு வரவும் அவருக்கே. 1,000 ரூபாய் லாபம்.

இரண்டு ஆண்டுக்கு நிலையான குத்தகை என்றாலும் கூடுதல் விளைச்சல் முழுவதும் அவருக்கே. அதே 1,000 ரூபாய் லாபம்.

ஓராண்டுக் குத்தகை என்றால் இந்த ஆண்டின் 1,500 மட்டுமே கைக்கு வரும். 500 ரூபாய் நட்டம்.

பாதி வாரம், இரண்டு ஆண்டு என்றால் 3,000இல் பாதி 1,500. மறுபடியும் 500 ரூபாய் நட்டம்.

பாதி வாரம், ஓராண்டு என்றால் கிடைப்பது 750. நட்டம் 1,250 ரூபாய்.

வாரத்தில் நிலக்காரர் பங்கு கால் பகுதியாகவும் காலம் இரண்டு ஆண்டாகவும் இருந்தால், உழுபவருக்கு 2,250 ரூபாய் கிடைக்கும். 250 ரூபாய் லாபம்.

எரு ஒன்றுதான், மண் ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான். நிபந்தனை மாறும்போது அதே எரு லாபமாகவும் நட்டமாகவும் மாறுகிறது. இதைப் பொருளியல் அறிஞர்கள் வெகுகாலமாகப் பேசி வருகிறார்கள். ஆடம் ஸ்மித் 1776இல் வெளியான தம் நூலில், விளைச்சலில் பங்கு கொடுக்க வேண்டிய உழவர் நிலத்தை மேம்படுத்தத் தம் சேமிப்பைச் செலவிட மாட்டார் என்று வாதிட்டார். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் அதை விரித்து எழுதினார். அப்படியானால் வாரமுறை ஏன் உலகெங்கும் நீடித்தது என்ற கேள்விக்கு, 1974இல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஒரு முக்கியமான விளக்கம் தந்தார். வாரத்தில் விளைச்சல் மட்டும் பகிரப்படுவதில்லை, ஆபத்தும் பகிரப்படுகிறது. மழை பொய்த்தால் நிலக்காரருக்கும் குறையும். நிலையான குத்தகையில் முழு ஆபத்தும் உழுபவர் தலையில்தான்.

குத்தகை எதில் அளக்கப்படுகிறது?

இங்கிருந்து பயிர்த் தேர்வின் இரண்டாவது காரணத்துக்கு வருகிறோம். வாரத்துக்கு எல்லாப் பயிரும் பொருந்தாது. நெல்லும் நிலக்கடலையும் ஒரே நாளில் களத்துக்கு வரும். எல்லார் கண்முன்னும் அளந்து பிரிக்கலாம். வெண்டைக்காயை ஒன்றுவிட்ட ஒருநாள் பறிக்க வேண்டும். கத்தரியும் தக்காளியும் வாரக்கணக்கில் பறிப்பு நடக்கும். ஒவ்வொரு பறிப்பும் ஒவ்வொரு விலைக்குப் போகும். ஊரில் இல்லாத நிலக்காரர் அதை எப்படிக் கணக்குப் பார்ப்பார்? எனவே பங்குக்கு விடுபவர் தானியப் பயிரையே விரும்புவார். காய்கறிக்கு நிலம் வேண்டுமென்றால் ரொக்கக் குத்தகை என்பார். இத்தனை கோட்டை நெல் என்று பேசியிருந்தாலும் உழவர் நெல்லை எளிதில் விட முடியாது. வேறு பயிர் செய்தால் அளப்பதற்கு நெல்லை விலைக்கு வாங்க வேண்டியிருக்கும்.

ரொக்கக் குத்தகை உழவருக்குச் சுதந்திரம் தருவதுபோலத் தோன்றும். என்ன பயிரிட்டாலும் நிலக்காரர் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்துக்குள் ஒரு நெருக்கடி இருக்கிறது. இதையும் ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம்.

ஒரு ஏக்கருக்குக் குத்தகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நெல்லுக்குச் செலவு 30,000, வரவு 48,000. சொந்த நிலக்காரருக்கு 18,000 மிஞ்சும். குத்தகைக்காரருக்கோ குத்தகை போக 2,000 ரூபாய் நட்டம். வெங்காயத்துக்குச் செலவு 60,000. நல்ல விலை கிடைத்தால் வரவு 1,20,000. விலை விழுந்தால் 40,000. சொந்த நிலக்காரர் வெங்காயம் போட்டால் 60,000 லாபம் அல்லது 20,000 நட்டம். குத்தகைக்காரருக்கு 40,000 லாபம் அல்லது 40,000 நட்டம்.

நெல்லில் குத்தகைக்காரருக்கு உறுதியான சிறு நட்டம். வெங்காயத்தில் பெரிய லாபத்துக்கு ஒரு வாய்ப்பு, பெரிய நட்டத்துக்கு ஒரு வாய்ப்பு. அவர் வெங்காயத்தின் பக்கம் சாய்வதை ஆசை என்று சொல்லிவிட முடியுமா? குத்தகைத் தொகை உயர உயர, அதைக் கட்டக்கூடிய பயிர்களின் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் அந்தப் பட்டியலில் நிற்பவை பெரும்பாலும் சீக்கிரம் பணமாகிற, விலை ஏறி இறங்குகிற, கூடுதல் மருந்தும் உரமும் கேட்கிற பயிர்கள்.

காய்கறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலமில்லாத குடும்பத்தின் முதலீடு கையுழைப்பு. காய்கறி அந்த உழைப்பை நாள்தோறும் கேட்கிறது. பறிப்பு நாளில் விடியும் முன்பே குடும்பம் முழுவதும் வயலில் இருக்கும். பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து லாரிகள் புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போகும். முதல் பாடவேளைக்குத் தாமதமாக ஓடிவரும் மாணவனின் விரல்களில் வெண்டைச் சுணை அரிப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கலாம். அவனுடைய தாமதத்துக்கும் அவன் தந்தை பேசிய குத்தகைக்கும் தொடர்பு இருக்கிறது.

காகிதம் யார் பெயரில்?

மூன்றாவது காரணம் ஆவணம். தமிழ்நாட்டில் குத்தகைதாரரைக் காக்கச் சட்டங்கள் உள்ளன. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, குத்தகை பாக்கி, நிலத்துக்குக் கேடு செய்தல், வேளாண்மை அல்லாத பயன்பாடு போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இருந்தால்தான் தானே உழைத்துப் பயிரிடும் குத்தகைதாரரை வெளியேற்ற முடியும். 1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் நிலக்காரருக்குரிய பங்குக்கு வரம்பு விதித்தது. நன்செய்க்கு 40 சதவீதம் என்று தொடங்கிய அந்த வரம்பு பின்னர் 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எருக் கணக்கில் கால் பங்கு என்ற நிலை வந்ததும் நட்டம் லாபமாக மாறியதை நினைத்துப் பாருங்கள். 1969ஆம் ஆண்டின் சட்டம் குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு வழி செய்தது.

ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறியவருக்குத்தான் இவற்றின் பயன் எளிதில் கிடைக்கும். இன்று புதிதாகப் பேசப்படும் பல குத்தகைகள் வாய்வார்த்தைதான். பெயர் பதிந்துவிட்டால் நிலம் திரும்ப வராதோ என்று நிலக்காரர் அஞ்சுகிறார். பதியச் சொன்னால் நிலமே கிடைக்காதோ என்று உழவர் அஞ்சுகிறார். மரம் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இந்த அச்சத்திலிருந்தே வருகிறது. மரம் நின்றால் உரிமையும் நிற்கும் என்பது நிலக்காரரின் கவலை. காப்பதற்காக வந்த சட்டம், ஏட்டில் ஏறாத உழவரைச் சிறு கால அளவுக்குள் தள்ளிவிடுகிறது. சமூக அறிவியலில் ‘சட்டமும் அதன் விளைவும்’ என்று விவாதிக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆவணம் இல்லாதது பயிரை எப்படித் தொடுகிறது? கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும் அவை வேண்டும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் விவசாயிகள் நிதியுதவித் திட்டம் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கானது. 2016இல் தொடங்கிய பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகை விவசாயிகளும் சேரலாம். ஆனால் இன்ன நிலத்தில் இவர் பயிரிடுகிறார் என்பதற்குச் சான்று வேண்டும். சான்று இல்லாதவர் வியாபாரியிடமோ உரக்கடையிலோ முன்பணம் வாங்குகிறார். முன்பணம் கொடுத்தவர் விரும்பும் காயைப் பயிரிட்டு அவரிடமே விற்கிறார். இப்படிப் பயிரின் தேர்வு மூன்றாம் நபர் கைக்குப் போய்விடுகிறது.

2018-19இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமப்புறங்களில் உள்ள சாகுபடி அலகுகளில் 17.3 சதவீதம் குத்தகை நிலத்தில் நடப்பவை. வாய்மொழிக் குத்தகையைச் சொல்லத் தயங்குபவர்களையும் சேர்த்தால் இது இன்னும் கூடலாம். தமிழ்நாட்டில் ஒருவர் நிலத்தின் சராசரி அளவு 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. சொந்தத்தில் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று சேர்த்துப் பயிரிடும் குடும்பங்கள் இதனால்தான் அதிகம்.

நிலக்காரர் பக்கம்

மாணவர்களிடம் இதைப் பேசும்போது நிலக்காரரைக் கொடியவராகக் காட்டிவிடக் கூடாது. பிள்ளைகள் சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்க, முதுமையில் இரண்டு ஏக்கரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவரும் நிலக்காரர்தான். கணவரை இழந்தபின் குத்தகை நெல்லை நம்பியிருக்கும் பெண்ணும் நிலக்காரர்தான். குத்தகைக்கு விட அஞ்சும் பலர், ஆள்தேவை குறைந்த தென்னையையோ தேக்கையோ நட்டுவிட்டு வெளியூர் போகிறார்கள். சிலர் தரிசாகப் போடுகிறார்கள். நெல் வயல் தென்னந்தோப்பாக மாறுவதற்கும் குத்தகைமீதுள்ள அச்சம் ஒரு காரணம். ஆக, குத்தகைக்கு விடாத நிலத்தின் பயிரையும் குத்தகை முறை தொடுகிறது.

கோயில் நிலங்கள் இன்னொரு வகை. இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் உள்ளது. ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு, 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்அனுமதி வேண்டும். ஐந்தாண்டு என்பது வாழைக்குப் போதும், தென்னைக்குப் போதாது. கால அளவுக்கும் பயிருக்கும் உள்ள உறவை இங்கும் காணலாம்.

எல்லைக்கு அப்பால்

நம் மாவட்டத்தை ஒட்டியிருக்கும் கேரளம் இதற்கு வேறு பாடங்களைத் தருகிறது. அங்கே 1969இல் திருத்தப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உழுதவருக்கு நிலம் கிடைத்தது. புதிய குத்தகைக்குத் தடை வந்தது. ஆனாலும் நிலத்தின் தேவை நிற்கவில்லை. வாழக்குளம் பகுதி அன்னாசி விவசாயிகள் ரப்பர் மறுநடவு செய்த தோட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். ரப்பர் கன்று வளர்ந்து நிழல் விழும்வரை மூன்று நான்கு ஆண்டுகள் இடைவெளி கிடைக்கும். அன்னாசிக்கு அந்தக் காலம் அளவெடுத்தாற்போலப் பொருந்துகிறது. தோட்டக்காரருக்கும் கன்றுகளின் பராமரிப்புச் செலவு குறைகிறது. கால அளவு சரியாக அமைந்தால் குத்தகை இருவருக்கும் நன்மை தரும் என்பதற்கு இது நல்ல சான்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கேரள விவசாயிகள் பலர் கர்நாடகத்தின் குடகு, மைசூரு பகுதிகளில் நிலம் எடுத்து இஞ்சி பயிரிடுகிறார்கள். ஒரே நிலத்தில் தொடர்ந்து இஞ்சி போட்டால் அழுகல் நோய் பெருகும். எனவே ஒருமுறை எடுத்தபின் வேறு நிலம் தேடிப் போய்விடுகிறார்கள். களைத்த மண் உரிமையாளரிடம் திரும்புகிறது.

மேற்கு வங்கத்தில் 1978இல் ‘ஆபரேஷன் பர்கா’ தொடங்கியது. வாரதாரர்களின் பெயர்களைப் பதிவு செய்து, எளிதில் வெளியேற்ற முடியாதபடி செய்தார்கள். இடுபொருள் செலவைத் தாமே ஏற்கும் வாரதாரருக்கு விளைச்சலில் 75 சதவீதம் என்பது சட்டம். சுமார் 14 லட்சம் பேர் பதிவு செய்யப்பட்டனர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, பால் கெர்ட்லர், மைத்ரீஷ் கட்டக் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பதிவால் வேளாண் உற்பத்தித் திறன் உயர்ந்தது என்று காட்டியது. ஆந்திரப் பிரதேசம் 2019இல் வேறு வழியில் சென்றது. நில உரிமையைத் தொடாமல், பயிரிடுபவருக்கு 11 மாத அட்டை ஒன்றைத் தந்து, கடனும் காப்பீடும் பெற வழி செய்யும் சட்டத்தை இயற்றியது. 2016இல் நிதி ஆயோக் அமைத்த குழுவின் மாதிரிக் குத்தகைச் சட்டமும், நிலக்காரரின் உரிமையை உறுதிசெய்து அதன்வழி உழுபவருக்கு நம்பிக்கை தர முயன்றது.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

வேளாண்மைப் பாடத்தின்போது இரண்டு பாடவேளைகளில் பின்வருவனவற்றைச் செய்து பார்க்கலாம்.

காலக்கோடு: கரும்பலகையில் ஒரு கோடு வரைந்து 45 நாள் முதல் 10 ஆண்டு வரை குறியுங்கள். ஊரில் விளையும் பயிர்களை மாணவர்கள் அதில் ஒட்டட்டும். பிறகு ஒரு பூ, ஓராண்டு, ஐந்தாண்டு, சொந்தம் என்று நான்கு நூல்களைக் கோட்டின் குறுக்கே கட்டுங்கள். எந்த நூலுக்குள் எந்தப் பயிர் அடங்குகிறது என்று குழுக்கள் சொல்லட்டும். ஆரம்ப வகுப்புகளில் பயிர்களின் படங்களையும் மாதங்களையும் மட்டும் வைத்து இதைச் செய்யலாம்.

எருக் கணக்கு: மேலே தந்த எண்களை மாற்றிக் கொடுத்து, எந்தப் பங்கில் நட்டம் லாபமாகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். இரண்டு ஆண்டு வாரத்தில் 2,000 ரூபாய் திரும்பிவர உழுபவர் பங்கு மூன்றில் இரண்டாக இருக்க வேண்டும் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் சமன்பாட்டில் அடைந்துவிடுவார்கள்.

நடிப்பு: நிலக்காரர், குத்தகைக்காரர், கிராம நிர்வாக அலுவலர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர், காய்கறி வியாபாரி என ஐந்து பாத்திரங்கள். இருவரும் ஏற்கும் ஓர் உடன்படிக்கையை எழுத வேண்டும். பாத்திரங்களை மாற்றிக் கொடுப்பது முக்கியம். குத்தகைக்காரரின் பிள்ளை நிலக்காரராகவும் நடிக்கட்டும்.

வயல் விசாரணை: ஒரு வயலில் கடந்த மூன்று ஆண்டுகளில் என்னென்ன பயிர் இருந்தது, ஏன் என்று பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லலாம். இதில் ஒரு கவனம் தேவை. நிலம் யாருடையது, குத்தகை எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்கச் சொல்லக் கூடாது. வகுப்பில் பெயர்களைச் சொல்லவும் கூடாது. வாய்மொழிக் குத்தகை நம்பிக்கையில் நடப்பது. பிள்ளையின் வீட்டுப்பாடத்தால் ஒரு குடும்பத்தின் நிலம் கைமாறிவிடக் கூடாது.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் ‘தந்தை தொழில்’ என்ற இடத்தில் குத்தகைக்குப் பயிரிடுபவர்கள் பலர் ‘கூலி’ என்றே எழுதச் சொல்கிறார்கள். பட்டா இல்லாதவர் விவசாயி ஆக மாட்டார் என்பது அவர்கள் எண்ணம். விதைக்கும் நாளையும் பயிரையும் உரத்தையும் முடிவு செய்து, விலை விழுந்தால் நட்டத்தையும் சுமப்பவர் விவசாயிதான். அதைப் பிள்ளையின் முன்னால் நாம் சொல்லலாம். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளோடு விவசாயத் தொழிலாளர்களும் உறுப்பினராகலாம் என்பதையும், உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்விக்கு உதவித்தொகை உண்டு என்பதையும் பெற்றோர் கூட்டத்தில் தெரிவிக்கலாம். விவரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கச் சொல்லலாம். பத்தாம் வகுப்பை முடிக்கும் மாணவர்களின் வீடுகளுக்கு இந்தத் தகவல் ஜூன் மாதத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தால் நல்லது.